பெட்டிக்குள் ஒரு பாரு

எங்கள் வீட்டில் அந்த வருடம் கல்யாணப் பேச்சு நடந்திருக்க வேண்டும். நடந்தது லைசன்ஸ் பேச்சு.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அது. என் மகள் சிந்தியாவும் என் அண்ணன் மகன் ஆன்றோவும் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, சென்னைக்கும் போகாமல் கல்ஃபுக்கும் போகாமல், எங்கள் முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். முறைப்பையன், முறைப்பெண். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து என்னென்னவோ நினைத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். நின்று காது கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் மல்லுக்கு நின்றது, கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் லினக்ஸா ஃப்ரீபிஎஸ்டியா என்று.

பெட்டி ஒரு சோற்றுப்பாத்திரம் அளவுதான். உள்ளே சின்னக் கம்ப்யூட்டர் பலகை, முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. மீன்பிடி வள்ளத்தில் வைத்தால், வள்ளம் எங்கே நிற்கிறது, அடியில் எவ்வளவு ஆழம், வந்த வழி எது என்றெல்லாம் கோடு போட்டுக் காட்டும். மழை இருட்டில் கரை தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று கடப்புறத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடையிலும் இப்படிப்பட்ட பெட்டி கிடைக்கும். ஆனால் பழுதானால் தூக்கி எறிய வேண்டியதுதான். திறந்து பார்க்க வழி கிடையாது. நம்ம ஆட்களே திறந்து சரிசெய்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். எதை வைத்து அதை ஓட்டுவது, எந்த லைசன்சில் கொடுப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

நான் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். ஆன்றோ என்னை நடுவராக்கிவிடுவான்.

"மாமி, நீங்க ஒருத்தனுக்கு ஒரு வலை குடுக்கிய. அவன் அதுல ரெண்டு முடிச்சை மாத்திப் போட்டு, நல்ல வலையாக்கி, இன்னொருத்தனுக்கு விக்கான். அப்போ எந்த முடிச்சை மாத்துனான்னு வாங்குனவனுக்குக் காட்டிக் குடுக்கணுமா வேண்டாமா? குடுக்கணும். மறைக்கப்படாது. அதாக்கும் ஜிபிஎல். லினக்ஸ் அப்படித்தான் வளந்துது."

"குடுத்தது குடுத்ததுதான்," என்பாள் சிந்தியா. "பெறகு அவனுக்க பொறத்தால போயி, முடிச்சைக் காட்டு முடிச்சைக் காட்டுன்னு நிக்கது என்ன மரியாதை? கொண்டு போ, என்ன வேணும்னாலும் செய். பிஎஸ்டி அதத்தான் சொல்லுது."

"ஏட்டி, பணமுள்ளவன் எடுத்துப் பூட்டி வச்சுக்கிட்டு உனக்கே திருப்பி விப்பான்."

"விக்கட்டு. எனக்க கையில உள்ளது எனக்க கையிலதானே இருக்கும்?"

"அப்போ மத்தவனுக்கு?"

"மத்தவனுக்கும் நான்தான் குடுப்பேனே. நீ என்ன, சுதந்திரம்னு சொல்லிக்கிட்டு ஊருக்கெல்லாம் சட்டம் போடுத?"

என் வீட்டுக்காரர் சிலுவைதாசன் கடலில் இருந்து வந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஏலே, ரெண்டு கூட்டமும் சும்மாதானே குடுக்கானுவ?"

"ஆமா மாமா."

"சும்மா குடுக்கதுக்கே இவ்வளவு அடியா? வெல வச்சு வித்திருந்தா வெட்டுக்குத்து நடந்திருக்கும் போலிருக்கே."

கடைசியில் அந்தச் சின்னத் திரைதான் வழக்கைத் தீர்த்தது. சிந்தியா என்ன பாடுபட்டும் ஃப்ரீபிஎஸ்டியில் திரை எரியவில்லை. லினக்ஸில் எரிந்தது. கடல் வரைபடம் காட்டுவதற்கு அவர்கள் யாரோ ஒருவர் எழுதிய புரோகிராமை எடுத்து அதன்மேல் வேலை செய்திருந்தார்கள், அதுவும் ஜிபிஎல். ஆகவே இவர்களுடையதும் ஜிபிஎல்தான் என்றாகிவிட்டது. பெட்டியை வாங்குகிறவர் கேட்டால் புரோகிராமின் சோர்சை, அதாவது அதை எழுதிய வரிகள் முழுவதையும், கையில் கொடுக்க வேண்டும். ஆன்றோ ஊருக்கே மிட்டாய் கொடுக்காத குறை. சிந்தியா இரண்டு நாள் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டியை முதலில் கடலுக்குக் கொண்டுபோனது என் வீட்டுக்காரர்தான். கொண்டுபோகும் முன்னால் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எனக்க பாரு மட்டும் இதுல வரப்படாது. கேட்டியளா ரெண்டு பேரும்?"

கடலுக்கு அடியில் பாறை எழும்பி நிற்கும் இடத்தை எங்கள் பக்கம் பாரு என்போம். மீன் அங்கேதான் அடையும். தூண்டில்காரர் ஒருவர் ஒரு பாரைக் கண்டுபிடித்தால் அதைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர்பிடித்து, அந்த இடத்தை மனதுக்குள் வைத்திருப்பார். சிலுவைதாசனுக்கு அப்படி ஒரு பாரு இருந்தது. கலவா மீன் அடையும் பாரு. சிந்தியாவைப் படிக்கவைத்தது அந்தப் பாருதான். எனக்கே அது மேற்கே எங்கேயோ என்பதற்குமேல் தெரியாது. அது பறிபோனால் ஐம்பது வயதுக்குமேல் அவர் இன்னொருவன் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும். எங்களுக்கு வேறு போக்கு இல்லை.

"மாமா, நீங்க குறிச்சு வைக்க எடம் எல்லாத்தையும் நானே அழிச்சிருவேன்," என்று சத்தியம் செய்தான் ஆன்றோ. அழிக்கவும் செய்தான். சிந்தியா பக்கத்தில் இருந்து சரிபார்த்தாள்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. கேள்விப்பட்டு ஏசுஅடிமை வந்தார். ஷார்ஜாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, நான்கு வள்ளம் இறக்கி, ஆள் போட்டு ஓட்டுகிறவர். அவர் கடலுக்குப் போவதில்லை. வீட்டு மாடியில் வயர்லெஸ் வைத்துக்கொண்டு, எந்த வள்ளம் எங்கே கிடக்கிறது, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான்கு வள்ளத்துக்கும் நான்கு பெட்டி வாங்கிக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆன்றோவே போய்ப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தான்.

"மாமி, சோர்சும் கேட்டாரு! நாகர்கோவில்ல அவருக்குத் தெரிஞ்ச ரதீஷ்னு ஒரு கம்ப்யூட்டர்காரன் உண்டு. கேட்டா குடுத்தே ஆவணும்னு அவன் சொல்லிக் குடுத்திருக்கான். பென் டிரைவுல போட்டுக் குடுத்துட்டேன். நம்ம கோடை வாசிக்கதுக்கு ஒரு ஆளு கெடைச்சுதே!"

முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கடப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்க மாட்டோம். பூசை முடிந்து வந்தோம். என் வீட்டுக்காரர் சீட்டு விளையாடக் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் அடுக்களையில் மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஆன்றோ ஏதோ பாட்டை முனகுவது கேட்டது. சிந்தியாவின் சத்தமே இல்லை. எனக்கு அந்தச் சத்தமில்லாமைதான் பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அவள் மேசைமேல் மிச்சமிருந்த ஒரு பெட்டியை ஓடவிட்டு, அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்றோ. இது என்னது?"

"எது? அது சாம்பிள். வீட்டுக்குள்ள சாட்டிலைட் சிக்னல் கெடைக்காதுல்லா. திரை வெறுமையா கெடந்தா நல்லாவா இருக்கும்? அதுக்கு ஒரு படம் போட்டு வச்சேன்."

"எந்தப் படம்?"

"மாமா முதல்ல கொண்டு போனாருல்லா, அந்த ஓட்டம். குறி எல்லாம் அழிச்சாச்சே, நீதானே பாத்த?"

"குறியை அழிச்ச. கோட்டை அழிச்சியா?"

ஆன்றோ எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். துறைமுகத்தில் இருந்து ஒரு நீலக் கோடு மேற்கே போயிற்று. போய், ஓரிடத்தில் சுற்றிச் சுற்றிச் சுற்றி, பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி கிடந்தது. பிறகு வளைந்து வேறு பக்கமாகக் கரைக்கு வந்தது.

அவனுக்கு அது கிறுக்கல். கடலுக்குப் போகிற எவனுக்கும் அது என்ன என்று ஒரு பார்வையில் தெரியும். நடுக்கடலில் ஒரு வள்ளம் காரணமில்லாமல் நாளெல்லாம் ஒரே இடத்தில் கிடக்காது.

"இது அந்த நாலு பெட்டியிலயும் உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டு மாமி." அவன் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினான். "பென் டிரைவுலயும் உண்டு."

நான் சிந்தியாவின் தோளைப் பிடித்தேன். "ஐயோ மாதாவே, அப்பா வந்தா என்னட்டீ சொல்லுவ?"

ஆன்றோ எழுந்து பைக் சாவியைத் தேடினான். "இப்பமே போறேன். அப்டேட் இருக்குன்னு சொல்லி நாலு பெட்டியையும் வாங்கி, புதுசு ஏத்திக் குடுத்திருதேன். நாளைக்குக் காலம்பறதானே வள்ளம் எறங்கும்?"

"இரி," என்றாள் சிந்தியா. "புதுசு ஏத்துனா புது சோர்சும் குடுக்கணும்லா? உனக்க ஜிபிஎல் அப்படித்தானே?"

"குடுப்போம்."

"அந்த ரதீஷ் பழசையும் புதுசையும் வச்சு ஒத்துப் பாப்பான். என்ன மாறியிருக்குன்னு கம்ப்யூட்டரே எடுத்துக் காட்டும். வேற எல்லாம் அப்படியே இருக்கும், இது ஒண்ணு மட்டும் இருக்காது. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஓடி வந்து இத மட்டும் ஏன் அழிச்சானுவன்னு யோசிக்க மாட்டானா? நாமளே வெரலை வச்சுக் காட்டுனது போல ஆயிரும்."

ஆன்றோ சாவியை மேசைமேல் வைத்தான்.

"அப்போ சோர்ஸ் குடுக்காண்டாம்," என்றான் மெதுவாக.

சிந்தியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். நான் பெற்ற பிள்ளைதான். அந்தப் பார்வை எனக்கே பொறுக்காது. "இத நீயா சொல்லுத?"

"மாமாவுக்க பாருட்டீ!"

"எனக்குத் தெரியாதா? எனக்க அப்பா இல்லியா? பிஎஸ்டியா இருந்தா நேத்து நீ அந்தப் பென் டிரைவையே குடுத்திருக்க வேண்டாம்."

"பிஎஸ்டியா இருந்தாலும் பெட்டிக்குள்ள படம் கெடக்கும். படம் போட்டது நான். லைசன்ஸ் இல்ல."

அதற்குமேல் அவர்களால் சண்டை போடவும் முடியவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அவர்கள் கத்திக்கொண்டிருந்தால் ஏதோ வழி இருக்கிறது என்று அர்த்தம்.

மத்தியானம் அவர் வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். சிந்தியாவே சொன்னாள், மறைக்காமல், பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து. அவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. திரையை நெடுநேரம் பார்த்தார். அந்த நூல்கண்டை விரலால் தொட்டார். குழம்பு திரையில் ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு சரியா காட்டுதே சவம்," என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

"நாலு பேரும் பாத்திருப்பானுவளா?"

"நேத்துதானே வச்சாவ. ஒருவேள பாத்திருக்க மாட்டாவ."

"நாளைக்கு நான் அங்க போவல. நான் போனா ஒறுதி ஆயிரும்."

பாரில் கிடக்கும்போது வேறு வள்ளம் தென்பட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய், ஒன்றும் இல்லாத இடத்தில் சும்மா கிடப்பார்கள். கரைக்கு வரும்போதும் சுற்றி வேறு திசையில் இருந்து வருவார்கள். எங்கே கிடந்தாய் என்று யாராவது கேட்டால் வாயில் வந்த இடத்தைச் சொல்வார்கள். கேட்கிறவனும் அதை நம்புவதில்லை, கோபப்படுவதும் இல்லை. அவனும் அதைத்தான் செய்வான்.

திங்கட்கிழமை அவர் கிழக்கே போனார். எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் வள்ளங்கள் வர ஆரம்பித்ததும் ஏலக்கரைக்குப் போய் நின்றேன். மீன் வாங்கி விற்பதுதான் என் தொழில், ஆகவே நான் அங்கே நிற்பதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஏசுஅடிமையின் நான்கு வள்ளத்தை. முதல் வள்ளத்தில் சூரை. நான் மூச்சு விட்டேன். இரண்டாவதில் அயிலை. மூன்றாவதிலும் அயிலை, கொஞ்சம் கிளாத்தி.

நான்காவது வள்ளம் முத்துநாயகம் ஓட்டுவது. கூடையை மணலில் சாய்த்தார்கள். சூரைக்கு நடுவில் கலவா. ஒன்றல்ல, நிறைய. ஈரச் சாக்கு மாதிரி பழுப்பாக, வாயைப் பிளந்துகொண்டு, நல்ல கனத்தில்.

"எங்கலே கிடைச்சுது கலவா?" என்று கேட்டார் ஏசுஅடிமை.

"வடக்க, அண்ணே. தேங்காய்ப்பட்டணத்தையும் தாண்டி வடக்க ஏறி."

என் வீட்டுக்காரரின் வள்ளம் வந்தது. கூடையில் கொஞ்சம் நெத்திலி, அவ்வளவுதான். யாரோ, "தாசனுக்கு இன்னைக்குக் கடல் பிடிக்கல்லியே," என்றார்கள். அவர் முத்துநாயகத்தின் கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் முத்துநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார். சாயா கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வளைச்சுப் பேசல. பெட்டியில ஒரு சுத்து கெடந்துது. போய்ப் பாத்தேன். அது உங்களுக்க பாருதானே?"

சிலுவைதாசன் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"நான் யாருகிட்டயும் வாய் தொறக்கல. மொதலாளிகிட்டயும் வடக்கன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா மத்த மூணு பெட்டியிலயும் அது கெடக்கு. இன்னைக்கு அவனுவ கண்ணுல படல்ல. நாளைக்குப் படும். மக்கா ஆன்றோ, நீ வந்து அந்த மூணுலயும் எடுத்து விட்டுரு. எனக்க பெட்டியில மட்டும் இருக்கட்டு. அண்ணனும் நானும் மட்டும் அறிஞ்சா போதும். நான் நாக்கை அசைக்க மாட்டேன்."

"எடுக்கல்லன்னா?" என்றாள் சிந்தியா.

"எடுக்கல்லன்னா எனக்கென்ன? எல்லாரும் வருவாவ. ஒரு மாசத்துல பாரு காலி." எழுந்துகொண்டார். "யோசிங்க அண்ணே. நாளைக்கு நான் அங்கதான் போவேன்."

அவர் போனபின் ஆன்றோ வாயைத் திறந்தான். "எடுத்துப் பூட்டிக்கிட்டு, கூட்டுக்கு வேற கூப்பிடுதான் பாரு! நம்மளுக்கதையே எடுத்து நம்மளயே..."

"வாயை மூடு," என்றாள் சிந்தியா. அழுதிருந்தாள். "அப்பா, நான் பெட்டியே வேண்டாம்னு எல்லாத்தையும் திருப்பி வாங்கட்டா?"

"அவனுக்க தலைக்குள்ள இருக்கதத் திருப்பி வாங்குவியா?" என்றார் அவர்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது சொன்னார்: "ரீத்தா, ஒருத்தனுக்குப் பயந்து கெடக்குததுக்கு ஊருக்கே குடுத்துட்டுப் போயிரலாம்."

வெப்ராளத்தில், மனம் பொறுக்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன். "பேசாம உறங்குங்க," என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்து வள்ளங்கள் போய்விட்டன. எங்கள் முன்னறையிலும் ஒரு வயர்லெஸ் இருந்தது, பெட்டியைச் சோதிக்கும்போது அவரோடு பேசுவதற்காக ஆன்றோ வாங்கி வைத்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். காற்று எப்படி, நீரோட்டம் எப்படி, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் குரல்.

"எல்லா வள்ளமும் கேளுங்க. சிலுவைதாசன் பேசுதேன்."

பேச்சு நின்றது.

"கலவா அடையுத பாரு ஒண்ணு எனக்க கையில உண்டு. இருவது வருசமா நான் மட்டும்தான் போறேன். எடம் சொல்லுதேன், யாரு வேணும்னாலும் வாங்க. குறிச்சுக்கிடுங்க."

"ஐயோ!" என்று நான் வயர்லெஸ்ஸைப் பிடித்தேன். அதைப் பிடித்து என்ன செய்ய? அவர் பெட்டியின் திரையைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிந்தியா பக்கத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்லுதாவ அம்மா," என்றாள். "ஒரு எண்ணு கூட மாத்தல." அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. எனக்கு வலித்தது.

இரண்டாவது தடவையும் சொன்னார். பிறகு நிறுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. வெறும் இரைச்சல். இருபது வருடத்துச் சோறு அந்த இரைச்சலில் போய்க்கொண்டிருந்தது. நான் செபமாலையைத் தேடினேன்.

முதலில் வந்தது ஒரு சிரிப்பு.

"தாசா! நேத்து நெத்திலி கொண்டு வந்தவனா இன்னைக்கு ஊருக்குக் கலவா குடுக்கான்?"

இன்னொரு குரல்: "இவனுக்க பேச்சைக் கேட்டு அங்க போனா நமக்குத் தூண்டில் கல்லுல மாட்டும். இவன் வேற எங்கயோ சுகமாக் கெடப்பான்."

"மக்கா, எனக்க மாமியாரு வீட்டுக்கு உள்ள வழி நான் சொல்லட்டா? யாரு வேணும்னாலும் போங்க!"

"எவனுக்கோ வல விரிக்கான் மக்களே. நல்ல கொழுத்த எவனுக்கோ."

சிரிப்பு ஒவ்வொரு வள்ளமாகத் தாவியது. "உள்ளதத்தாம்லே சொல்லுதேன்!" என்று அவர் கத்தினார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

பிறகு கரையில் இருந்து கனமான குரல் ஒன்று குறுக்கே வந்தது. ஏசுஅடிமை.

"முத்து! ஏலே முத்து! நீ எங்கக் கெடக்க?"

முத்துநாயகத்தின் குரல் வந்தது. "மேக்க, அண்ணே."

"மேக்க என்னத்துக்குப் போன? தாசனுக்க பேச்சை நம்பியா? ரதீஷ் காட்டித் தந்தான், பெட்டிக்காரப் பயலும் அந்த எடத்தத்தான் சாம்பிள்னு போட்டு வச்சிருக்கான். மாமனும் மருமவனும் சேர்ந்து நம்மளக் கிறுக்கனாக்கப் பாக்கானுவ. நேத்து கலவா கெடச்ச எடத்துக்கு, வடக்க ஏறு. இப்பமே ஏறு."

"அண்ணே, இங்க..."

"இங்க என்ன?"

முத்துநாயகம் என்ன சொல்லுவார்? நேற்று வடக்கே என்று சொன்னது அவருடைய வாய்தான். இன்று கலவா இங்கேதான் என்று சொன்னால் நேற்று முதலாளியிடம் மறைத்தது வெளிவரும். இரைச்சல், இரைச்சல், பிறகு:

"ஒண்ணும் இல்ல அண்ணே. வடக்க ஏறுதேன்."

ஆன்றோ தரையில் உட்கார்ந்துவிட்டான். "நம்பல்ல," என்றான். "கையில தூக்கிக் குடுத்தும் ஒருத்தனும் நம்பல்ல!" அவனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அப்போ அந்தப் படத்தை என்ன செய்யதுக்கு?" என்று கேட்டேன்.

"அது அங்கயே கெடக்கட்டு," என்றாள் சிந்தியா. "இனி அதத் தொடப்படாது. எடுத்தா நம்பிருவானுவ."

அவர் வள்ளம் கரை பிடிக்கும்போது நான் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போனேன். முகம் நடுத்தெருவில் அடி வாங்கியவன் முகம் மாதிரி இருந்தது.

"ஒருத்தனும் வரல்ல ரீத்தா. வாயைத் தொறந்து உள்ளதச் சொன்னேன். நான் பொய்யனா?"

"பேசாதிங்க."

"இருவது வருசமா ஒரே கடல்ல கெடக்கோம். ஒருத்தன்... ஒரே ஒருத்தன் வந்து பாத்திருக்கப்படாதா?"

"பேசாதிங்க, கெஞ்சிக் கேக்கேன். என்ன மீன்?"

அவர் ஈரச்சாக்கைத் தூக்கினார். அடித்தட்டு நிறையக் கலவா. இதை ஏலக்கரையில் சாய்த்தால் காலையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் நாளைக்கு அங்கே இருப்பார்கள். சாக்கைத் திரும்ப மூடினேன். ஆன்றோவிடம் வேறொரு வள்ளத்தில் இருந்து ஒரு கூடை சாளை வாங்கி வரச் சொன்னேன். கலவாவைக் கூடைகளில் அடுக்கி, மேலே சாளையைப் பரப்பி, அதன்மேல் ஓலையைப் போட்டு மூடினோம். இரணியல் சந்தைக்குக் கொண்டுபோனால் அங்கே எது எந்தப் பாரில் இருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏசுஅடிமை அந்த வழியாக வந்தார். பின்னால் முத்துநாயகம்.

"என்ன ரீத்தா, இன்னைக்கு ஏலத்துக்கு வைக்கல்லியா?"

"சாளைதானே அண்ணே. இரணியல்ல கொஞ்சம் வெல கூட."

"காலம்பற தாசன் நல்ல வெளையாட்டுக் காட்டுனான்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்க ஆளு ஒருத்தன் நம்பிப் போயிட்டான் கேட்டியா? நான் பாத்து வெரட்டுனேன்."

நானும் சிரித்தேன். முத்துநாயகம் சிரிக்கவில்லை. அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓலை நடுவில் தூக்கிக்கொண்டிருந்த இடத்தை. நான் மெல்ல அங்கே கையை வைத்து அமுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"நாளைக்கும் இரணியலா மைனி?"

"தெரியல்ல முத்து," என்றேன். "என்ன கெடைக்குன்னு பாக்கணும்."

பஸ் வந்து நின்று, கூடைகளை ஏற்றி முடிக்கும்வரை நான் அந்த ஓலைமேல் இருந்து கையை எடுக்கவில்லை.